உயர்திறன் எஸ்யூவியின் பின் கண்ணாடி நொறுங்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பெய்த ஒரு இரவில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் பின்புறத்தில் காய்ந்த தென்னை மட்டை ஒன்று விழுந்தது. மட்டைதானே என்று அசட்டையாக இறங்கிப் பார்த்தால், டிக்கி முழுவதும் கல்கண்டைக் கொட்டிவைத்ததுபோல் கண்ணாடி குவிந்திருந்தது. புதுக் கண்ணாடி பொருத்தி வண்டியைத் திரும்ப எடுக்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரங்களில் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையும், பிற்பாடு இதே நிலைக்கு ஆளான நண்பர்கள் தொலைபேசியில் கேட்ட கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். போர்ஷே கயேன் டர்போ, பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம், ஆடி ஆர்எஸ் க்யூ8, மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிஎல்இ போன்ற வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், பெரும்பகுதி எந்த எஸ்யூவிக்கும் பொருந்தும். இப்படிப்பட்ட வண்டிகளில் கண்ணாடி எப்போது வரும் என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் வேலை கெட்டுப்போவது கண்ணாடியால் அன்று, அதைச் சுற்றியுள்ள பசை, கம்பி, கூரையின் பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லர், உள்ளே மறைந்திருக்கும் துண்டுகள் ஆகியவற்றால்தான்.

முன் கண்ணாடியில் கல் பட்டால் விரிசல்தான் விழுகிறது. பின் கண்ணாடி மட்டும் ஏன் மொத்தமாக நொறுங்குகிறது?

இரண்டும் வெவ்வேறு வகைக் கண்ணாடிகள். முன் கண்ணாடி லேமினேட்டட் வகை. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்னும் நெகிழிப் படலம் வைத்து ஒட்டப்பட்டிருப்பதால், உடைந்தாலும் துண்டுகள் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பின் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் டஃபண்ட் வகையைச் சேர்ந்தது. ஒற்றைத் தகட்டை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சி ஆறவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. நடுப்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுத்து அழுத்தத்தில் வைக்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை இதற்கு வருவது இந்த அழுத்தத்தால்தான். ஆனால் ஏதாவது ஒரு கீறல் அந்த இறுகிய தோலைத் தாண்டி நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அடைத்துவைத்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டு, கண்ணாடி முழுவதும் சிறுசிறு கட்டிகளாக உதிர்ந்துவிடுகிறது. கத்திபோன்ற நீண்ட சில்லுகள் பயணிகளைக் குத்திக் கிழிக்கக் கூடாது என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பிசின் ஊற்றிச் சரிசெய்ய வழியே இல்லையா?

இல்லை. பிசின் நிரப்பும் முறை லேமினேட்டட் முன் கண்ணாடிக்கு மட்டுமே உரியது.

யாரும் தொடாமல் நின்ற வண்டியில் பின் கண்ணாடி தானாக உடையுமா?

உடையும், ஆனால் நாம் நினைக்கும் காரணத்தால் உடைவது அரிது. வெயிலில் காய்ந்த வண்டியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றியதால் வெடித்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். டஃபண்ட் கண்ணாடி ஏறத்தாழ 200 டிகிரி வரையிலான வெப்ப வேறுபாட்டைத் தாங்கக்கூடியது. சாதாரணக் கண்ணாடிக்குத்தான் அந்த அளவு 40 டிகிரியை ஒட்டி நிற்கிறது. ஆகவே சித்திரை வெயிலும் ஒரு வாளித் தண்ணீரும் மட்டும் சேர்ந்து நல்ல நிலையில் உள்ள பின் கண்ணாடியை உடைத்துவிட முடியாது. அதற்கு முன்பே விளிம்பில் ஒரு சிறு சேதம் இருந்திருக்க வேண்டும். வைப்பர் நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம். ஸ்பாய்லரைக் கழற்றி மாட்டியபோது திருப்புளி விளிம்பில் இடித்திருக்கலாம். நீளமான பொருளை உள்ளே வைத்துக்கொண்டு டிக்கியை மூடியிருக்கலாம். டஃபண்ட் கண்ணாடியின் பலவீனமான இடம் எப்போதும் விளிம்புதான். பரப்பின் நடுவில் பட்ட அடியைத் தாங்கும் அதே கண்ணாடி, விளிம்பில் பட்ட சிறு தட்டலுக்கு இடம்கொடுத்துவிடும்; உடனே உடையாமல் சில நாள் கழித்து உடைவதும் உண்டு.

நிக்கல் சல்ஃபைடு என்னும் நுண்துகள் கண்ணாடி உருகிய நிலையிலேயே கலந்துவிட்டு, ஆண்டுகள் கழித்து மெல்ல விரிவடைந்து உள்ளிருந்தே உடைப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கட்டடங்களின் கனமான கண்ணாடிகளில் இது நன்கறியப்பட்ட சிக்கல். மெல்லிய கார்க் கண்ணாடியில் அபூர்வம். துண்டுகள் உதிராமல் சட்டத்திலேயே நின்றிருந்தால், உடைப்பு தொடங்கிய இடத்தைத் தேடிப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிய இரண்டு துண்டுகள் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகள்போல் ஒட்டி நின்றால் அது உள்துகளின் அடையாளம். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வது, பின்னால் உத்தரவாதம் குறித்து வாதிட நேர்ந்தால் உதவும்.

உடைந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். வண்டி எண் தெரியும்படி ஒரு படம், முழுப் பின்புறம் ஒரு படம், உள்ளே விழுந்திருக்கும் கல்லோ கிளையோ இருந்தால் அதற்கு ஒரு படம். நான் முதலில் மட்டையை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் பிறகுதான் கைபேசியை எடுத்தேன். அந்தத் தவற்றால், சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயரிடம் அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்தது மிக முக்கியம்: மின்விசையில் இயங்கும் டிக்கிக் கதவை அந்த நிலையில் திறக்காதீர்கள். சட்டத்தில் ஒட்டி நிற்கும் துண்டுகள் கதவு அசையும்போது பூட்டுக்குள்ளும் கீல்களுக்கிடையிலும் விழும். சாவி பையில் இருக்கும்போது பம்பருக்கு அடியில் காலை நீட்டினால் திறக்கும் வசதி உள்ள வண்டியாக இருந்தால், குனிந்து பார்க்கும்போதே கதவு எழும்பிவிட வாய்ப்புண்டு. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

யாரோ வேண்டுமென்றே உடைத்திருந்தாலோ உள்ளிருந்து பொருள் களவு போயிருந்தாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, குறைந்தது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். மரம் விழுந்தாலும் கிரிக்கெட் பந்து பட்டாலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது முதல் வேலை. புகார் தேவையா என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கண்ணாடி இல்லாமல் பணிமனை வரை ஓட்டிச் செல்லலாமா?

நான் ஓட்டமாட்டேன். பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து, அங்கே ஒரு சுழல் உருவாகிறது. எஸ்யூவியின் பின் கண்ணாடியில் எப்போதும் புழுதி படிவதற்கும் பின்னால் ஒரு வைப்பர் தேவைப்படுவதற்கும் இதுவே காரணம். கண்ணாடி இல்லாதபோது அந்தச் சுழலில் புழுதியுடன் புகைக்குழாயின் புகையும் சேர்ந்து, திறந்த இடத்தின் வழியாக வண்டிக்குள் இழுக்கப்படுகிறது. நான்கு புகைக்குழாய்கள் பொருத்திய வி8 வண்டியில் உள்ளே வரும் புகையின் அளவு சிறிதன்று. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. லேசான தலைவலியும் தூக்கமும் வரும்போது அது போக்குவரத்து நெரிசலின் களைப்பு என்றுதான் ஓட்டுநர் நினைத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, சட்டத்தில் தொற்றி நிற்கும் துண்டுகள் காற்றில் பறந்து பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் முகத்தில் தெறிக்கும்.

காரை அப்படியே ஏற்றிச் செல்லும் தட்டுமேடை வண்டியை வரவழைப்பதே முறை. பல காப்பீடுகளில் சாலையோர உதவி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். வேறு வழியே இல்லாமல் சிறிது தூரம் ஓட்ட நேர்ந்தால், தளர்ந்த துண்டுகளை எடுத்துவிட்டு, திறப்பை நன்றாக மூடி, முன் சன்னல்களை இறக்கி, ஏசியின் ஊதியை வெளிக்காற்று நிலையில் வேகமாக வைத்து, நிதானமாகச் செல்லுங்கள்.

தற்காலிகமாக எதைக்கொண்டு மூடுவது?

தடித்த, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பு போதும். அதைச் சட்டத்தைவிட ஒரு முழம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும்போது பழுப்புநிறப் பார்சல் டேப்பை வண்ணப்பூச்சின் மேல் நேரடியாக ஒட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் அதன் பசை உருகிப் படிந்து, எடுக்கும்போது மேல்பூச்சையே பதம் பார்த்துவிடும். பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை முதலில் ஒட்டி, அதன்மேல் பார்சல் டேப்பை ஒட்டுங்கள். மழைக்காலமாக இருந்தால் விரிப்பின் மேல்விளிம்பு ஸ்பாய்லருக்கு அடியில் முடியாமல், கூரைவரை ஏறி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் மடிப்பில் தேங்கி, டிக்கியின் தளத்துக்கு அடியில் இறங்கும். பல உயர்ரக வண்டிகளில் பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன.

உள்ளே சிதறிய துண்டுகளை வீட்டிலேயே அகற்றலாமா?

மேலாக உள்ளவற்றை அகற்றலாம். தோல் கையுறையும் மூடிய காலணியும் அணிந்துகொண்டு, பெரிய குவியலை முறத்தால் அள்ளி அட்டைப் பெட்டியில் போடுங்கள். பாலித்தீன் பையைக் கண்ணாடி கிழித்துவிடும். வீட்டு வேக்குவம் கிளீனரைப் பயன்படுத்த வேண்டாம்; அதன் பையும் குழாயும் வீணாகிவிடும். தரைவிரிப்பின் இழைகளுக்குள் புதைந்த பொடியை எடுக்க, கெட்டியாகப் பிசைந்த மைதா மாவு உருண்டையை ஒற்றி ஒற்றி எடுப்பதுபோல் வேறெந்தக் கருவியும் எனக்கு உதவவில்லை. உருண்டையைப் பிறகு மறக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். சமையலறையில் வைத்துவிட்டு வந்து நான் வாங்கிய ஏச்சு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் இருக்கிறது. டிக்கிக் கதவு உள்ளே குடைவான ஒரு பெட்டி. உடையும்போது ஒரு பங்குத் துண்டுகள் அதற்குள் விழுந்து கீழ்விளிம்பில் தங்கிவிடும். அங்கே நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. கண்ணாடிப் பொடி அவற்றை அடைத்துக்கொண்டால் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கித் துருப்பிடிக்கத் தொடங்கும். பின் இருக்கையின் பெல்ட் சொருகும் இடம், இருக்கை மடியும் கீல், உபரிச் சக்கரக் குழி, பின்பக்க ஒலிபெருக்கியின் வலை ஆகியவையும் அப்படிப்பட்ட இடங்களே. பணிமனையில் கதவின் உட்பலகையைக் கழற்றி, அழுத்தக் காற்றை ஊதி, உறிஞ்சி எடுக்கிறார்களா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். என் வண்டிக்கு முதலில் வேலை பார்த்தவர்கள் இதைச் செய்யவில்லை. புதுக் கண்ணாடி பொருத்திய மறுநாள், வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் பின்னால் சலங்கை கட்டியதுபோல் சத்தம் வந்தது.

காப்பீடு எவ்வளவு கொடுக்கும்?

மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கான காப்பு இருந்தால், இந்தியாவின் வழக்கமான தேய்மான விதிப்படி கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஐந்தாண்டுப் பழைய வண்டியானாலும் கண்ணாடியின் விலை முழுமையாகக் கணக்கில் வரும். ரப்பர், நெகிழி, நைலான் பாகங்களுக்கு 50 விழுக்காடும், ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 விழுக்காடும் கழிப்பார்கள். உயர்திறன் வண்டியில் இந்த வேறுபாடு கையைக் கடிக்கும் இடம் ஸ்பாய்லர். கண்ணாடியை உடைத்த அதே கிளை ஸ்பாய்லரையும் விரிசலாக்கியிருந்தால், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் காப்பு இல்லாதவர் அதன் விலையில் பாதியைத் தாமே ஏற்க வேண்டியிருக்கும். பசை, பசை நன்றாகப் பிடிக்க அடியில் தடவும் பிரைமர், கிளிப்புகள் போன்றவை நுகர்பொருள் என்னும் தலைப்பில் கழிக்கப்படலாம்; அதற்கும் தனிக் கூடுதல் காப்பு உண்டு. இவற்றுக்கு மேல், 1,500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 2,000 ரூபாய் கட்டாயக் கழிவாகப் பிடிக்கப்படும்.

கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே, கைக்காசு போட்டுவிடலாமா?

இதற்கு விடை ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் இந்தப் போனஸ். போனஸ் முதலாண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 என ஏறி 50இல் நிற்கிறது. ஒரு கிளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பித்தலில் சுழியத்துக்கு வந்து மீண்டும் முதலிலிருந்து ஏற வேண்டும். ஏற்கெனவே 50 விழுக்காட்டில் இருப்பவருக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஏற்படும் இழப்பு முறையே 50, 30, 25, 15, 5 விழுக்காடு; கூட்டினால் 125. அதாவது போனஸ் கழிக்கும் முன்னுள்ள சொந்தச் சேதப் பிரீமியத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு. அந்தப் பிரீமியம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்த இழப்பு ஒரு லட்சத்தைத் தொடும். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் நடைமுறையில் சற்றுக் குறையும் என்றாலும், ஒப்பிட இந்த எண் போதும். பணிமனையின் மதிப்பீடு இதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் கிளெய்ம் செய்யுங்கள். அருகருகே இருந்தால் கைக்காசே மேல். போனஸ் பாதுகாப்புக் காப்பு வாங்கியிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. சில பாலிசிகளில் கண்ணாடி மட்டும் மாற்றும் கிளெய்முக்குப் போனஸ் பாதிக்காது என்ற விதியும் உண்டு. உங்கள் பாலிசியின் சிறிய எழுத்துகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கண்ணாடியை ஆர்டர் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மாடலின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 17 எழுத்துகள் கொண்ட சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்குரிய பாக எண்ணைப் பெறுங்கள். ஒரே ஆண்டின் ஒரே மாடலிலும் ஆன்டெனா பதித்தது, பதிக்காதது, கருநிறம் கூடியது, வைப்பருக்குத் துளையுள்ளது, துளையில்லாதது என்று வகைகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பொருத்தி முடித்த பிறகுதான் ரேடியோ வேலை செய்யவில்லை என்று தெரியவரும்.

வண்டி நிறுவனத்தின் சின்னம் பொறித்த கண்ணாடிக்கும், அதே கண்ணாடித் தயாரிப்பாளரின் பெயரில் மட்டும் வருவதற்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கும். செயின்ட் கோபைன் செகுரிட், பில்கிங்டன், ஏஜிசி, ஃபூயாவ் போன்ற நிறுவனங்கள் வண்டி நிறுவனங்களுக்கும் கண்ணாடி தருகின்றன, சந்தைக்கும் தருகின்றன. ஆகவே சின்னம் இல்லை என்பதாலேயே ஒரு கண்ணாடியைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. மூலையில் இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 2553 அல்லது ஐரோப்பிய ஒப்புதலைக் குறிக்கும் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் 43ஆர் குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்தக் குறியும் இல்லாத கண்ணாடியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சென்னையின் பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி கிடைக்குமா என்று தேடலாமா?

தேடலாம், ஆனால் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒட்டப்பட்ட டஃபண்ட் கண்ணாடியை உடையாமல் அறுத்தெடுப்பதே கடினம். அப்படி எடுக்கும்போது விளிம்பில் விழும் நுண்ணிய பொத்தல் பசைக்கு அடியில் மறைந்துவிடும். விளிம்புச் சேதம் என்ன செய்யும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். கீலில் மாட்டித் தனியாகத் திறக்கும் கண்ணாடி என்றால் கதை வேறு. 2002 முதல் 2010 வரை வந்த முதல் தலைமுறை கயேனில் பின் கண்ணாடி மட்டும் தனியே மேலெழும்பும்; அதைத் திருகுகளைக் கழற்றி முழுதாக எடுக்கலாம் என்பதால், விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து வாங்க முடியும்.

வெளிநாட்டிலிருந்து கருநிறக் கண்ணாடியை வரவழைத்துப் பொருத்தினால் அழகாக இருக்குமே?

அழகாக இருக்கும், சட்டப்படி இருக்காது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடும், பக்கச் சன்னல்கள் குறைந்தது 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்கிறது. பக்கச் சன்னலுக்கான 50 விழுக்காட்டைப் பின் கண்ணாடிக்கும் பொருத்திப் பேசுபவர்கள் நிறைய, அது தவறு. அமெரிக்கச் சந்தைக்கான எஸ்யூவிகளில் பின்புறம் ஆலையிலேயே மிகக் கருமையாக வருவது வழக்கம். அந்தக் கண்ணாடி இங்கே அளவுக்குள் வராது. ஒட்டும் ஃபிலிமைப் பொறுத்தவரை, 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடைதான் காவலர்கள் அபராதம் விதிப்பதற்கு அடிப்படையாக இருந்துவந்தது. விதி திருத்தப்பட்ட பிறகு, அளவுக்கு உட்பட்ட ஃபிலிமை அனுமதிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் 70 என்னும் எண் மாறவில்லை.

கண்ணாடி வர இவ்வளவு நாள் ஏன் ஆகிறது?

இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் முழுமையாக இறக்குமதி ஆகின்றவை. விற்பனை எண்ணிக்கை குறைவு என்பதால் பெரிய, உடையக்கூடிய பாகங்களை யாரும் கையிருப்பில் வைப்பதில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. உயர்திறன் மாடலின் பின் கண்ணாடி, அதே வண்டியின் சாதாரண டீசல் மாடலுடன் பொதுவாக இருப்பது உண்டு. மாறுவது பம்பரும் ஸ்பாய்லரும்தான். சாதாரண மாடல் இந்தியாவிலேயே பாகங்களை இணைத்துத் தயாரிக்கப்படுவதாக இருந்தால் கண்ணாடி நாட்டுக்குள்ளேயே இருக்கலாம். பாக எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இதை நான்காவது வாரத்தில்தான் கேட்டேன்.

பொருத்தும் வேலை எப்படி நடக்க வேண்டும்?

பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். முதலில் உட்பலகை, வைப்பர் கை, மேல் பிரேக் விளக்கு, ஸ்பாய்லர் ஆகியவை கழற்றப்படும். ஸ்பாய்லரைக் கழற்றாமல் கண்ணாடியைச் சாய்த்து நுழைத்துவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். மேல்விளிம்பில் பசை சரியாக அமர்ந்ததா என்பதைப் பார்க்கவே முடியாது என்பதால் அதற்கு உடன்படாதீர்கள். மூன்றாம் தலைமுறை கயேன் டர்போவில் கூரை ஸ்பாய்லர் வேகத்துக்கேற்பத் தானாக நகரும். கடும் பிரேக்கின்போது காற்றுத் தடையாகவும் எழும்பும். அப்படிப்பட்ட வண்டியில் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி மாட்டிய பின் கணினியில் பிழைக் குறிகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி.

பிறகு பழைய பசையைச் சீவ வேண்டும். முழுவதையும் சுரண்டி உலோகத்தை வெளிக்கொணர்வது சுத்தமான வேலை என்று தோன்றும். உண்மையில் அது தவறு. ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் பழைய பசையை விட்டுவைத்து, அதன்மேல் புதுப் பசையை இடுவதுதான் முறை. உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பாலியூரித்தேன் பசைமீது புதியது நன்றாகப் பற்றிக்கொள்ளும். கத்தி எங்காவது வண்ணப்பூச்சைக் கீறிவிட்டால் அந்த இடத்தில் பிரைமர் தடவ வேண்டும். சென்னையின் உப்புக் காற்றில் அந்தக் கீறல் இரண்டு மழைக்காலத்துக்குள் துருக்குமிழாகிவிடும்.

கண்ணாடியின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பட்டை அலங்காரத்துக்கு அன்று. வெயிலின் புறஊதாக் கதிர் பசையை அரிக்காமல் காக்கும் பீங்கான் பூச்சு அது. அதன்மேல் தூய்மைத் திரவமும் பிரைமரும் தடவி, முக்கோண வெட்டுள்ள குழல்முனையால் பசையை ஒரே தொடர்ச்சியாக இட்டு, மேலே தோல் படிவதற்குள் கண்ணாடியை உறிஞ்சு கப்பால் தூக்கி ஒரே முறையில் அமர்த்த வேண்டும். அமர்த்திய பிறகு இழுத்துச் சரிசெய்தால் பசை இழுபட்டு வெற்றிடம் விழும். பசைக் குழாயின் காலாவதித் தேதியைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம்?

பசைக்கேற்ப ஒரு மணி நேரத்திலிருந்து பல மணி நேரம் வரை மாறும். அந்தக் குழாயின் மேலேயே குறிப்பிட்டிருப்பார்கள். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. நாம் எப்போதும் திட்டித் தீர்க்கும் சென்னைப் புழுக்கம் பயன்படும் அரிய இடங்களில் இது ஒன்று. வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் அளவில் இறுகும் என்பதால், ஓட்டத் தகுதி பெற்ற பிறகும் உட்பகுதி முழுதாக இறுகச் சில நாள் பிடிக்கும். அதுவரை அழுத்த நீரில் கழுவாதீர்கள். கண்ணாடி நகராமலிருக்கப் பணிமனையில் ஒட்டிய டேப்பை ஒரு நாளாவது விட்டுவையுங்கள். ஒரு சன்னலைச் சற்று இறக்கிவையுங்கள். நன்கு அடைபட்ட வண்டியில் கதவை ஓங்கிச் சாத்தும்போது எழும் காற்றழுத்தம் இறுகாத பசையை வெளிநோக்கித் தள்ளிவிடும். முடுக்கியை முழுதாக மிதித்துப் பார்க்கும் ஆசையையும் அந்த வாரம் ஒத்திவையுங்கள்.

டீஃபாகரும் ரேடியோவும் வேலை செய்கின்றனவா என்று எப்படி அறிவது?

கண்ணாடியில் படியும் ஆவியைச் சூட்டால் நீக்கும் அமைப்புதான் டீஃபாகர். அதற்காகக் கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகள் வெள்ளிக் கலவையை அச்சிட்டுச் சுட்டவை. இருபக்கமும் உள்ள பட்டைகள் வழியாக 10 முதல் 20 ஆம்பியர் வரை மின்சாரம் பாய்கிறது. மேற்பகுதியில் தனியாகத் தெரியும் சில கோடுகள் சூடேற்றுபவை அல்ல, ஆன்டெனா. சென்னையில் இருப்பவர் டீஃபாகர் பொத்தானை ஆண்டுக்கு ஒருமுறைகூட அழுத்தமாட்டார் என்பதால், அது வேலை செய்யவில்லை என்பது மார்கழியில் ஊட்டிக்குப் போகும்போதுதான் தெரியவரும். ஆகவே பணிமனையிலேயே பொத்தானை அழுத்தி, சில நிமிடம் கழித்து ஒவ்வொரு கோட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அல்லது கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படியச் செய்து, எந்தக் கோட்டின் அருகில் ஆவி கலையவில்லை என்று கவனியுங்கள். ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தால் வெள்ளிப் பூச்சால் இணைத்துவிடலாம். ஓரத்தில் மின்கம்பி சொருகும் தகடு பிடுங்கிக்கொண்டால் அது பெரிய தலைவலி. கம்பியை மாட்டும்போது தகட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வண்டியை எடுக்கும் முன் வேறு எவற்றைச் சோதிக்க வேண்டும்?

ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, மற்றவர் வெளியிலிருந்து சாதாரண ரப்பர் குழாயால் கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி மெதுவாக நீரை ஓடவிட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து, எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். நீர் ஓட்டும் சோதனையை முதல் நாளே செய்யலாம். அழுத்தம் மட்டும் கூடாது. டிக்கியை மூன்று நான்கு முறை மின்விசையால் திறந்து மூடுங்கள். இணைப்பு கழற்றப்பட்டிருந்தால் அது தன் உயரத்தை மறந்திருக்கும், மறுபடி கற்பிக்க வேண்டும். மூடும்போது கையால் தடுத்தால் நின்று திரும்புகிறதா என்றும் பாருங்கள். வைப்பர், நீர் தெளிப்பான், மேல் பிரேக் விளக்கு ஆகியவற்றை இயக்கிப் பாருங்கள். பின்புறக் காட்சியைக் கேமரா வழியாக, ஓட்டுநர் பின்னால் பார்க்கும் உள்கண்ணாடியில் காட்டும் வசதி இருந்தால், அந்தக் கேமரா கண்ணாடி வழியாகவே பார்ப்பதாக இருக்கலாம். அதன் எதிரில் கைரேகையோ பசைத் துளியோ இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகும் பின்னாலிருந்து கலகலவென்று சத்தம் வருகிறதே?

டிக்கிக் கதவுக்குள் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. பொருத்தியவர்களிடமே திரும்பச் செல்லுங்கள். கட்டணம் இல்லாமல் உட்பலகையைக் கழற்றி எடுத்துத் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. என் வண்டியை அப்படி இரண்டாம் முறை திறந்தபோது, கதவின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு டம்ளர் நிறையக் கண்ணாடி வந்தது.